எது முதல் காரியம்?

இட்லிக்கு ஊற வைப்பது எத்தனை நிமிஷத்து வேலை? அரிசியையும் உளுந்தையும் அளந்து போட்டு, களைந்து, தண்ணீர் விட்டு மூடி வைக்க வேண்டும். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஐந்து நிமிஷம். ஆனால் மத்தியானம் அந்த ஐந்து நிமிஷத்தைக் கோட்டை விட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஞாபகம் வந்து எவ்வளவு பரபரத்தாலும், நாளைக் காலையில் இட்லி கிடையாது. கிரைண்டரை அவசரமாக ஓட்டலாம்; மாவைப் பார்த்து, 'சீக்கிரம் புளி!' என்று அதட்ட முடியுமா? உப்புமாதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊற வைக்கிற காரியம் மத்தியானம் நம்மைக் கூப்பிடவே இல்லை. காஸ்காரர் மணி அடித்தார். கூரியர் பையன் ஓ.டி.பி. கேட்டான். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழு 'டிங் டிங்' என்றது. குக்கர் கூவியது. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடினோம். அரிசி டப்பா மட்டும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டது!

இந்த வாரம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விஷயம், காரியங்களுக்கு வரிசை எண் போடுவது. 'இதற்கு ஒரு பத்தியா?' என்று கேட்காதீர்கள். இன்று ஆபீஸ் போகிற பெண்கள் மட்டுமல்ல, வீட்டை நிர்வகிக்கிற பெண்களும் செல்போனில் காரியப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். டுடூயிஸ்ட், மைக்ரோசாஃப்ட் டு டூ, கூகிள் டாஸ்க்ஸ் என்று அதற்கு எத்தனையோ 'ஆப்'கள். ஆபீஸ்களிலோ ஜிரா, டிரெல்லோ, ஆசனா என்று பெரிய பெரிய ஏற்பாடுகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கணக்கு என்று தனித்தனிப் பெட்டி போட்டுக்கொள்ளலாம்; ஒவ்வொரு பெட்டியிலும் காரியங்களை எழுதலாம்; ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு தேதியும், அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அடையாளமும் கொடுக்கலாம். டுடூயிஸ்டில் நாலு படி உண்டு. முதல் படிக்குச் சிவப்புக் கொடி. மைக்ரோசாஃப்ட், கூகிள் இரண்டிலும் ஒரு நட்சத்திரம்தான்: உண்டு அல்லது இல்லை. ஜிராவில் வழக்கமாக ஐந்து படி.

பட்டியல் நீண்டு நூற்றைத் தொட்டதும் தலை சுற்றும் அல்லவா? அதற்குத்தான் சல்லடை. 'இன்றைக்கு உரியவற்றில் முதல் படி மட்டும் காட்டு' என்று ஒரு தட்டுத் தட்டினால், எல்லாப் பெட்டிகளிலிருந்தும் பொறுக்கி நாலு வரியை எதிரே வைத்துவிடும். மற்ற தொண்ணூற்றாறும் மறைந்துவிடும். அந்தக் கணத்தில் கிடைக்கிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே அந்த ஆப்பை உண்டாக்கியவர்களுக்கு ஒரு நமஸ்காரம் போடலாம்.

மறைந்துவிடும் என்று சொன்னேன். போய்விடும் என்று சொல்லவில்லை. நாம் வீட்டில் மாவு சலிக்கும்போது கீழே விழுவது நைஸ் மாவு, மேலே நிற்பது கப்பி. கப்பியை யாராவது குப்பையில் கொட்டுவார்களா? மறுபடி இடித்து மறுபடி சலிப்பார்கள். செல்போன் சல்லடையில் அந்த இரண்டாவது இடியை நாம் செய்வதே இல்லை. மேலே நின்றது மேலேயே நிற்கிறது, வருஷக் கணக்கில்.

இன்னொரு சங்கடமும் உண்டு. எதற்கு முதல் எண் கொடுப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே, எது உரக்கக் கூப்பிடுகிறதோ அதற்குச் சிவப்புக் கொடி! நாலு நாளில் பட்டியல் முழுவதும் சிவந்து, திருவிழாத் தோரணம் மாதிரி ஆகிவிடும். எல்லாம் முதல் என்றால் சல்லடையில் ஒன்றும் நிற்காது. அத்தனையும் கீழே கொட்டும்.

வரிசை வைப்பதைப் பற்றி ஓர் ஊரே பாடம் நடத்துகிறது என்றால் அது நெய்வேலிதான்.

நெய்வேலி என்றவுடன் நம்மில் வயதானவர்களுக்கு 'லெகோ' ஞாபகம் வரும். புகை வராத கரிக்கட்டி. எத்தனையோ தமிழ்நாட்டு அடுப்புகளில் எரிந்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. ஆனால் சுரங்கங்கள் இருக்கின்றன, மின்சாரம் இருக்கிறது, வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய அழகான நகரமும் இருக்கிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்கிற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, கறுப்பாக ஒரு பொருள் வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. (2016 முதல் அதற்கு என்.எல்.சி. இந்தியா என்று பெயர்.) 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையை ஆரம்பித்து வைத்தார். சரி, நிலக்கரி எப்போது கண்ணில் பட்டது தெரியுமா? 1961 ஆகஸ்டில்! அந்தக் கரியை எரித்து மின்சாரம் வந்தது 1962-ல்.

நடுவில் நாலு வருஷம் என்ன செய்தார்கள்? மண் எடுத்தார்கள். தண்ணீர் இறைத்தார்கள். அவ்வளவுதான்.

பூமிக்கு அடியில் கரி எங்கே இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு இருக்கிறது என்றும் தெரியும். தேசம் முழுவதும் அதற்காகக் காத்திருக்கிறது. ஆனால் கரிக்கு மேலே சுமார் ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் மண்ணும் கடலூர் மணற்கல்லும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கல், வெட்டுகிற இயந்திரத்தின் பற்களைத் தேய்த்து எடுத்துவிடும். அதை அகற்றாமல் ஒரு கூடை கரி கிடையாது. கரிக்குக் கீழே இருப்பது இன்னும் பொல்லாதது. அங்கே ஊற்று நீர், மூடிய பாத்திரத்தில் அடைத்த நீராவி மாதிரி, அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம். மேலே இருக்கிற மண் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பாரத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சுரங்கத்தின் தரை பொத்துக்கொண்டு தண்ணீர் பீறிடும். ஆகையால், சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, பம்புகளை வைத்து இறைத்து இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்த பிறகுதான் கரியில் கை வைக்கலாம். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர் இறைத்தாக வேண்டும். தீபாவளியானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், நடு ராத்திரியானாலும் பம்பு ஓடும். இறைத்த தண்ணீர் வீணாவதில்லை; மின் நிலையத்துக்கும் நகரத்துக்கும் வயல்களுக்கும் போகிறது.

இப்போது நம் வீட்டுப் பட்டியலுக்கு வாருங்கள். அங்கேயும் இந்த மூன்று தினுசு வேலைகளும் இருக்கின்றன. பம்பு வேலை, மண் வேலை, கரி வேலை என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

கரி வேலை என்றால் முடித்தவுடன் கையில் பலன் தெரிவது. மின்சாரக் கட்டணம் கட்டினோம், ரசீது வந்தது. பையனுக்குச் சட்டை தைத்தாயிற்று, போட்டுக்கொண்டான். 'முடிந்தது' என்று கோடு கிழிக்கும்போது மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும். பட்டியல் எழுதுகிறபோது நம் கை தானாகப் போவது இந்த வேலைகளுக்குத்தான்.

பம்பு வேலை முடிவதே இல்லை. சமையல், துணி, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, பால் கணக்கு, குழந்தையின் வீட்டுப்பாடம். இன்று செய்தோம் என்பதற்காக நாளைக்கு விடுமுறை கிடையாது. செய்கிற வரையில் ஒருவரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் நின்றால் வீடே மிதக்கும். இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை என்பதுதான் விஷயம். சாயங்காலம் வீட்டுக்காரர், பட்டியலில் கிழிபடாமல் கிடக்கும் ஆறு வரியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணுமே ஆகலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறார். அன்றைக்கு அந்த அம்மாள் காலை ஐந்து மணியிலிருந்து இறைத்த தண்ணீர் எத்தனை குடம் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

ஆகவே, சகோதரிகளே, பம்பு வேலைகளை ஒரு தடவையாவது எழுதி வையுங்கள். தனிப் பெட்டியில், தினம் தானாகத் திரும்பி வருகிற காரியமாகக் குறியுங்கள். அவற்றுக்கு முதல் எண் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் உங்கள் சல்லடை முழுவதும் சாம்பாரும் சலவையும்தான் நிற்கும். எழுதுவதன் லாபம் வேறு. எழுதின வேலையைத்தான் இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியும். சுரங்கத்துப் பம்பு மூன்று ஷிப்ட் ஓடுகிறது, மூன்று ஷிப்டுக்கும் வேறு வேறு ஆட்கள் வருகிறார்கள். நம் வீட்டில்தான் மூன்று ஷிப்டுக்கும் ஒரே ஆள்!

மண் வேலையைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பத்தியே.

போன ஜூலையில் புத்தகக் கண்காட்சிக்காக நெய்வேலி போயிருந்தபோது, என் சிநேகிதியின் அக்கா வீட்டில் தங்கினேன். கணவருக்குச் சுரங்கத்தில் உத்தியோகம். அன்று அவருக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து பகல் தூக்கம். ஷிப்ட் வீடுகளில் வேலைக்கு வரிசை போடுவது யார் என்று நினைக்கிறீர்கள்? கடிகாரம் அல்ல, அவருடைய தூக்கம்! மிக்ஸி சத்தம் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. ஆகவே, அக்கா அந்த நேரத்துக்கென்று சத்தமில்லாத காரியங்களை ஒதுக்கி வைத்திருந்தார். கீரை ஆய்வது, துணி மடிப்பது, பாங்கிச் சமாசாரம் பார்ப்பது. இந்தச் சல்லடைக்கு எந்த ஆப்பும் ஈடாகாது என்று எனக்குத் தோன்றியது.

அக்காவின் செல்போனிலும் பட்டியல் இருந்தது. ரொம்ப ஒழுங்கு. காலையில் எழுந்ததும் 'இன்று, முதல் படி' என்று தட்டுவார். நாலைந்து வரி வரும். ராத்திரிக்குள் அவ்வளவும் கிழிந்துவிடும்.

"அக்கா, சல்லடை போடாமல் முழுசாக் காட்டுங்களேன்" என்றேன்.

"அதைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே காட்டினார்.

அடியிலே, எண்ணும் இல்லாமல் தேதியும் இல்லாமல் ஒரு வரி: 'வீடு பார்க்கணும்.'

"இது எப்போ எழுதினது?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "சின்னவன் ஆறாங்கிளாஸ் சேர்ந்த வருஷம்." அந்தச் சின்னவன் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டான்.

வெளியூர் வாசகிகளுக்கு இந்த வரியின் கனம் சட்டென்று விளங்காது. டவுன்ஷிப்பில் ஊழியர்கள் இருப்பது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில். உத்தியோகம் இருக்கிற வரையில் வீடு. அறுபது வயது நிரம்பி ஓய்வு பெற்றால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் கொல்லையில் வைத்த மாங்கன்று இன்று ஓட்டுக்கு மேலே நிழல் தருகிறது. பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், நெய்வேலி என்பார்கள். அந்தச் சொந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது.

அவருக்கு ஓய்வு வர இன்னும் மூன்று வருஷம்.

"மூணு வருஷம் இருக்கே, பார்த்துக்கலாம்னு அவர் சொல்றார்" என்றார் அக்கா.

மூன்று வருஷம் இருக்கிறதா? பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தோம். குடிபோக வேண்டிய நாளுக்கு முன்னால் வீடு கட்ட ஒரு வருஷம். அதற்கு முன் கட்டட அனுமதிக்கும் கடனுக்கும் சில மாதங்கள். அதற்கு முன் மனை வாங்க வேண்டும். வாங்குமுன் பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் பார்க்க வேண்டும், மனை அங்கீகாரம் பெற்றதா என்று விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால், வடலூரா, குறிஞ்சிப்பாடியா, கடலூரா, பிள்ளைகள் இருக்கப்போகிற சென்னையா என்று குடும்பம் ஒரு முடிவுக்கு வரவேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்கு எத்தனை மாதம் ஒதுக்குவது என்று சொல்ல நான் துணியமாட்டேன்! கடன் சமாசாரம் வேறு இருக்கிறது. பாங்கிக்காரர்கள் பெரும்பாலும் பாக்கி இருக்கிற சர்வீஸைப் பார்த்துத்தான் தவணைக் காலத்தை நிர்ணயிக்கிறார்கள். ஒரு வருஷம் தள்ளினால் மாதத் தவணை ஏறும். எண்ணி முடித்தபோது, முதல் மண்வெட்டு விழவேண்டிய நாள் நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த மாதத்திலேயே வந்து நின்றது.

அக்கா செல்போனைக் கீழே வைத்துவிட்டார். "மாவு அரைக்க மறந்தா மறுநாள் உப்புமா கிண்டலாம். இதுக்கு என்னம்மா கிண்டறது?" என்றார்.

இப்படிப் பின்னாலிருந்து எண்ணுகிற வித்தைக்குச் சாஸ்திரமே இருக்கிறது. நெய்வேலியில் முதல் மண் வெட்டிய அதே 1957-ம் வருஷத்தில், அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியைச் சேர்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் ரசாயனத் தொழிற்சாலைகள் கட்டுவதற்காக ஒரு கணக்கு முறையை உண்டாக்கினார்கள். எந்த வேலைக்கு எந்த வேலை காத்திருக்கிறது என்று சங்கிலியாகக் கோத்துப் பார்ப்பது. அந்தச் சங்கிலிகளுக்குள் மிக நீளமானது எதுவோ, அதுதான் முழு வேலையும் முடிகிற நாளைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு கண்ணி ஒரு நாள் தாமதித்தால் எல்லாம் ஒரு நாள் தாமதிக்கும். சங்கிலிக்கு வெளியே இருக்கிற வேலைகள் கொஞ்சம் தூங்கினாலும் நஷ்டமில்லை. மறு வருஷமே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைக்காக இதே ஜாதியில் இன்னொரு முறையைக் கையாண்டது. கம்ப்யூட்டரும் கணித நிபுணர்களும் கூடிக் கண்டுபிடித்த விஷயம். இட்லிக்கு மத்தியானமே ஊற வைக்க வேண்டும் என்பதை அவர்கள் நம் பாட்டிமாரைக் கேட்டிருக்கலாம்!

அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரியங்களை அவசரம், முக்கியம் என்று நாலு கட்டமாகப் பிரிக்கிற வழக்கத்துக்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் 1954-ல் எவான்ஸ்டன் என்ற ஊரில் பேசும்போது அவர், அவசரமானவை வேறு, முக்கியமானவை வேறு என்ற கருத்தை ஒரு பழைய கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. கட்டம் பிரபலமானது ஸ்டீபன் கவி 1989-ல் எழுதிய புத்தகத்தினால். கட்டம் நல்லதுதான், எனக்கு அதில் ஒரு குறை. நம் வீடுகளில் முக்கியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீடு முக்கியமில்லை என்று அக்கா எப்போதாவது நினைத்தாரா? எப்போது ஆரம்பித்தாக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குக் கட்டத்தில் பதில் இல்லை. ஆப்களிலும் நாம் முடிக்கவேண்டிய தேதியைத்தான் போடுகிறோம். மண் வேலைக்கு ஆரம்பிக்க வேண்டிய தேதியைப் போட்டுப் பாருங்கள். பட்டியலின் முகமே மாறிவிடும்.

எண் போடுகிற கை யாருடையது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. நெய்வேலிப் பக்கத்தில் பேசும்போது அதை விட்டால் அது நியாயமாகாது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சை நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலத்துக்கு முன்பே பணம் கொடுத்தாயிற்று, கால்வாய் வேலை காத்திருக்க முடியாது என்பது நிறுவனத்தின் கட்சி. அறுவடை வரையிலாவது பொறுக்கக் கூடாதா என்பது விவசாயிகளின் கட்சி. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவாயிற்று. கால்வாய் சுரங்கத்துக்கு முதல் எண். கதிர் விவசாயிக்கு முதல் எண். ஒரே வயலில் இரண்டு பட்டியல்கள் மோதின. எந்தப் பட்டியலின் கையில் இயந்திரம் இருந்ததோ அது முந்திக்கொண்டது. பயிரைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது, எனக்கும்தான்.

வீட்டிலும் இரண்டு பட்டியல்கள் உண்டு. அக்காவின் வீட்டில், 'அவர்' பட்டியலில் இருக்கிற காரியங்களுக்குத் தானாகவே முதல் எண் கிடைத்துவிடும். சம்பளம் வருகிற பட்டியல் அல்லவா? குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற அன்று, சாமான் கட்டுவது யார், புது ஊரில் பால்காரரையும் டாக்டரையும் தேடுவது யார் என்று யோசித்தால், 'வீடு' என்ற வரிக்கு எண் போடுகிற உரிமை இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வடலூர் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே வள்ளலார் 1867-ல் முதலில் ஏற்படுத்தியது சத்திய தருமசாலை, பசித்தவர்களுக்குச் சோறு போடுகிற இடம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை எழுந்தது அதற்குப் பிறகு, 1872-ல். மகானுக்கு எதை முதலில் வைப்பது என்று தெரிந்திருந்தது. அவரும் ஒரு பம்பு வேலையைத்தான் முதலில் தொடங்கினார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக யாரோ ஒருவர் தினமும் அந்த அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருக்கிறார்.

இனிக் காரியத்துக்கு வருவோம். அன்று மத்தியானம், அவர் தூங்கி எழுவதற்குள், அக்காவும் நானும் பட்டியலைத் திருத்தினோம். முதலில் 'வீடு பார்க்கணும்' என்ற வரியை அழித்தோம். பயந்துவிடாதீர்கள்! அது ஒரு காரியமே அல்ல, ஒரு சுரங்கம். அதற்கு எண் போட்டுப் பிரயோஜனமில்லை. முதல் எண் போட்டாலும், காலையில் கீரைக்காரிக்கும் குக்கருக்கும் நடுவில் யாராலும் ஒரு வீடு பார்த்துவிட முடியாது. அதைத் தனிப் பெட்டியாக்கி, உள்ளே ஒரு மூச்சில் செய்யக்கூடிய சின்ன வரிகளாக எழுதினோம். 'பி.எஃப். பாக்கி எவ்வளவு என்று கேட்க.' 'பாங்கியில் கடன் விவரம் விசாரிக்க.' 'சனிக்கிழமை வடலூரில் இரண்டு மனை பார்க்க.' முதல் வரிக்கு மட்டும் சிவப்புக் கொடி, தேதி மறுநாள். மறுநாள் காலை அக்கா வழக்கம்போலத் தட்டினால், ஆறேழு வருஷமாக அடியில் கிடந்த விஷயம் மேலே வந்து நிற்க வேண்டும் அல்லவா?

சிவப்புக் கொடிக்கு ஒரு வரம்பும் கட்டினோம். ஒரு நாளைக்கு மூன்றுதான். நாலாவது வந்தால், இருக்கிற மூன்றில் ஒன்று இறங்க வேண்டும். பஸ்ஸில் மாதர்களுக்கு ஒதுக்கின ஸீட் மாதிரி. ஆள் ஏற ஏற ஸீட் வளராது. மூன்றில் ஒன்றாவது மண் வேலையாக இருக்க வேண்டும் என்பது அக்காவே போட்ட சட்டம். கரி வேலை இரண்டு, மண் வேலை ஒன்று.

பிறகு சல்லடையைத் தலைகீழாகப் பிடிக்கிற வேலை. வாரத்தில் ஒரு நாள், 'முதல் படி' என்பதற்குப் பதிலாக 'எண் இல்லாதவை, தேதி இல்லாதவை' மட்டும் காட்டச் சொல்லிப் பார்ப்பது. டுடூயிஸ்டில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் காரியம் தானாக நாலாம் படியில்தான் போய் உட்காரும். ஆகவே, மறந்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். செல்போன் வைத்துக்கொள்ளாதவர்கள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டு இதையே செய்யலாம். ஒரு கோட்டில் பம்பு, ஒரு கோட்டில் மண், ஒரு கோட்டில் கரி. சுவரில் மாட்டினால் வீட்டுக்காரர் கண்ணிலும் படும், அது ஆப்பில் கிடைக்காத சௌகரியம்.

அக்கா அந்தத் தலைகீழ்ச் சலிப்புக்கு அவருடைய வார ஓய்வு நாளைத் தேர்ந்தெடுத்தார். முதல் தடவை நாலாம் படியில் முப்பத்தொரு வரி இருந்ததாம். இருவரும் உட்கார்ந்து பார்த்ததில், பாதிக்கு மேல் அழிக்க வேண்டியவை. பழைய தையல் மெஷினை விற்பது, எப்போதோ முடிந்துபோன ஒரு சீமந்தத்துக்குப் பரிசு வாங்குவது, பையனின் பள்ளிக்கூட சைக்கிளுக்குப் பூட்டு. அழித்தது போக எட்டு வரி மிஞ்சியது. அதில் இரண்டு, அக்கா தனக்கென்று எப்போதோ எழுதி வைத்தவை: கண் பரிசோதனை ஒன்று, சிதம்பரத்துக்குத் தனியாக ஒரு நாள் போய் வருவது ஒன்று. கண்ணுக்குத் தேதி போட்டாயிற்று. சிதம்பரத்துக்கு எண் போட்டவர் வீட்டுக்காரர்தானாம். போனில் சொல்லும்போது அக்காவின் குரலில் சிரிப்பு கேட்டது. அன்று சமையல் ஷிப்ட் யாருக்கு என்றும் அப்போதே எழுதி வைத்துக்கொண்டார்களாம்.